ஊர் சேராத சரக்கு வண்டி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அவருக்கு வலப்புறம் அமர்ந்து என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் செயலாளர் அவர்களே, குட்டித் தண்டவாளத்துக்கு ஆணி அடித்தே தலை நரைத்த பெரியோர்களே, ஞாயிறுதோறும் வீட்டுக்காரரை இந்தக் கூடத்துக்குத் தாரை வார்த்துவிட்டுப் பொறுமை காக்கும் தாய்மார்களே, பொம்மை ரயில் சங்கத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கும் உறவினர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மருந்துக்கடைக்காரியின் வணக்கம்.

ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. முடிக்கிறேன் ஐயா. எந்தக் கடிகாரத்தில் ஐந்து நிமிடம்? ஆறு மடங்கு வேகத்தில் ஓடுகிற நம் ரயில் கடிகாரத்திலா? அதில் என்றால் நான் வணக்கம் சொல்லி முடிக்கும்போதே நேரம் போய்விட்டது!

சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்துவிட்டு இன்றைய தீர்மானத்தையும் படியுங்கள். கால அட்டவணையை ஒழிப்பதாம். வண்டிகளைச் சும்மா சுற்றிச் சுற்றி ஓட விடுவதாம். கட்டுப்பாட்டு மேசையிலிருந்து என்னை எழுப்பிவிடுவதாம். நான் செய்த குற்றம் என்ன? நிஜ ரயிலில் எப்படியோ அப்படியே இங்கும் நடக்க வேண்டும் என்றேன். அது குற்றமா?

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நம் மேசையில் ஆறு நிலையங்கள், ஒற்றைப் பாதை. ஒவ்வொரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரே ஒரு பித்தளை வில்லை. அது யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டி மட்டுமே அந்தப் பாதையில் போகலாம். போய்ச் சேர்ந்ததும் வில்லையை என் மேசையில் வைத்தால்தான் அடுத்த வண்டிக்குப் பாதை திறக்கும். நடுவழியில் நின்றுபோனால் இன்னொரு எஞ்சின்தான் போய் இழுத்துவர வேண்டும். மனிதக் கை படக் கூடாது. இந்த விதியை எழுதியவர் யார்? நானா? இல்லை. இதோ என் அருகில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்கள்தான்! அவர் கையெழுத்திலேயே, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் பார்வையாளர் நாள். நம் தையல்காரர், நாம் எல்லோரும் ‘நிதானம் அண்ணன்’ என்று கூப்பிடுகிறவர், ஏழாம் எண் சரக்கு வண்டியை ஓட்டினார். ஒன்பது பெட்டி. மேட்டுப் பாதையில் எஞ்சின் திணறாமல் ஏற்றி, ஆலையில் மூன்று பெட்டியைக் கழற்றி விட வேண்டும். அதற்காக ஒரு மாதம் பழகியிருந்தார். பதினோரு வருடமாக “ஞாயித்துக்கிழமையானா எங்கதான் போறீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, அன்றுதான் முதல் முறையாகப் பார்க்க வந்திருந்தார்.

வண்டி மேட்டில் மெல்ல ஏறுகிறது. பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் சிவப்பு விளக்கில் நிற்கிறது. ரயில் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடத் தாமதம். நம் கைக்கடிகாரத்தில் எவ்வளவு? இரண்டே நிமிடம்! அந்த இரண்டு நிமிடம் பொறுக்காமல் சிறப்பு விருந்தினர் கேட்டார், “என்னங்க, ரிப்பேரா?”

அவ்வளவுதான். நம் தலைவர் எட்டி, அந்தச் சரக்கு வண்டியை இரண்டு கையாலும் அள்ளி அலமாரியில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சிக்னலைப் போடும்மா, எக்ஸ்பிரஸ் போகட்டும்.”

“வில்லை வரலீங்களே தலைவரே.”

“அதான் வண்டியே இல்லையே!”

“வண்டி இன்னும் ஊர் போய்ச் சேரலீங்களே.”

கூடமே சிரித்தது. நிதானம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழை அப்போதும் பிடித்துக்கொண்டே நின்றார். எதற்கு? ஓட்டுவதற்கு எதிரே வண்டி இல்லை! அண்ணி அவர் கையைத் தொட்டு “வாங்க, போலாம்” என்றார். போய்விட்டார்கள். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

முன்வரிசையில் ஐயா ஒருவர் “வெறும் பொம்மைதானேம்மா” என்கிறார். பொம்மைதான் ஐயா! சதுரங்கக் காயும் மரக்கட்டைதான். விருந்தினருக்கு அலுக்கிறது என்று எதிராளியின் ராஜாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்களா? வண்டி பொம்மை, வில்லை பொம்மை, அதை ஓட்டிய மனிதர் பொம்மையா? ஒரு மாத உழைப்பு பொம்மையா? கட்டியவள் கண் எதிரே அவர் பட்ட அவமானம் பொம்மையா?

எனக்கு என் மேலும் கோபம் உண்டு. அன்று நான் சிக்னலைக் காத்தேன், மனிதரைக் காக்கவில்லை. அவர் படியிறங்கிப் போகும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாதையை மட்டும் நான் திறக்கவில்லை. இந்த மூன்று வாரமும் ஒரு வண்டியையும் அதில் விடவில்லை. அதற்குத்தான் இந்தத் தீர்மானம்!

போன புதன்கிழமை அண்ணி என் கடைக்கு வந்தார். உள்ளங்கையில் பித்தளை வில்லை. “துவைக்கப் போட்ட சட்டையில இருந்துச்சும்மா. பதட்டத்துல எடுத்துட்டு வந்துட்டார் போல. வாங்கிக்க.”

“நான் வாங்கக் கூடாது அண்ணி. வண்டியோட வந்தாத்தான் வாங்கணும்.”

“அப்போ அந்த வண்டி இன்னும் வழியிலதான் நிக்குதா?”

“கணக்குப்படி மேட்டுலதான் நிக்குது.”

அண்ணி வில்லையை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “அப்போ அவர் வேலை இன்னும் முடியல” என்று சொல்லி வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். பதினோரு வருடம் இங்கே இருப்பவர்களுக்குப் புரியாதது, ஒரே ஒரு நாள் பார்த்த அண்ணிக்குப் புரிந்தது. உங்களுக்குப் புரியாமல் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை!

என்னை மேசையிலிருந்து நீக்க வேண்டுமா? நீக்குங்கள். வாக்கெடுப்பு வேண்டுமா? வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தலைவர் அவர்களே, எஞ்சினும் ஒன்பது பெட்டியும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்த கையாலேயே எடுத்த இடத்தில் வையுங்கள். நீங்கள் எழுதிய விதியை நீங்கள் மதியுங்கள்.

என்ன, கடைசி வரிசையில் சலசலப்பா? ஆமாம், அண்ணி அவரை அழைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். அண்ணே, ஏன் தலையைக் குனியுறீங்க? எழுந்து வாங்க. அண்ணி, முடிச்சை அவிழ்த்து அவர் கையில கொடுங்க.

செவி கொடுத்த அனைவருக்கும் நன்றி. ஏழாம் எண் சரக்கு வண்டி மூன்று வாரத் தாமதத்தில் வந்துகொண்டிருக்கிறது. நாற்காலிகளை நகர்த்தி அண்ணனுக்கு வழி விடுங்கள். நான் என் மேசைக்குப் போகிறேன். வணக்கம்.