மறுப்பு நாற்காலியை எடுக்க மாட்டோம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மறைந்த பேராசிரியர் ரீபா சாலமோன் அம்மையாரின் மகன் மெர்வின் அவர்களே, இடம் கிடைக்காமல் மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, கீழே ஜீப்பில் உட்கார்ந்தபடி நாம் என்ன பேசுகிறோம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் காவல்துறை நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ரசீத். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். வண்ணார்பேட்டையில் இந்த மாடியில் ஞாயிறுதோறும் கூடும் நம் விவாத மன்றத்துக்கு அம்மையார் தலைவர், நான் செயலாளர். இன்று காலை மண்டப உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். அம்மையாரைப் புகழ்ந்து பேசிக்கொள்ளலாமாம். ஆனால் மேடையில் மறுப்பு நாற்காலியைப் போடக் கூடாதாம். போன மாதம் இங்கே பேசிய பெண்ணின் பெயரை எடுக்கவே கூடாதாம். மீறினால் அடுத்த ஞாயிறு முதல் மாடிக்குப் பூட்டாம்! அவரை நான் குறை சொல்லவில்லை. கல் விழுந்தால் நொறுங்கும் கண்ணாடிக் கதவு போட்ட கடை அவருக்கும் கீழே இருக்கிறது. ஆனால் நண்பர்களே, நாற்காலி இதோ கிடக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் இசக்கியம்மா. சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாகப் பேசலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மன்றத்தில் யார் எதைப் பேசினாலும், அதை மறுக்க விரும்புகிறவர் அந்த நாற்காலியில் வந்து உட்காரலாம். டீ முதலில் அவருக்குத்தான். அவர் முடிக்கும்வரை கைதட்டல் கிடையாது, கூச்சல் கிடையாது. முடித்ததும் தலைவர் அவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமா, இதத்தான் சொன்னேன்” என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் பதில்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர், பாளையங்கோட்டைக் கல்லூரியில் காலமெல்லாம் தத்துவம் நடத்திய நம் ரீபா அம்மையார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் நான் பேசியபோது என் சொந்த மச்சானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கிழி கிழி என்று கிழித்தான். அம்மையார் அவனுக்கு இரண்டாவது டீயும் சொன்னார்! “ஏன் டீச்சர், நம்மளத் திட்டுதவனுக்கு நாமளே டீ வாங்கிக் குடுக்கணுமா?” என்று கேட்டேன்.

“ஆமா அண்ணாச்சி. நமக்கு மட்டும் கிடைச்சா அதுக்குப் பேரு சலுகை. திட்டுதவனுக்கும் கிடைச்சாத்தான் சுதந்திரம்” என்றார்.

மேடைக்காகச் சொன்ன பேச்சா அது? போன மாதம் அதற்கும் சோதனை வந்தது. இசக்கியம்மா இந்த மேடையில் ஏறினார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். வேறு சாதியைச் சேர்ந்த ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தவர். “என் கல்யாணத்துக்கு யாரு சம்மதம் வேணும்?” என்பதுதான் அவர் வைத்த தலைப்பு. பாதி பேசியிருப்பார். அவருடைய தாய்மாமன் விறுவிறு என்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் முடிக்கட்டும் என்று சொன்னோம், கேட்கவில்லை. டீயையும் தொடவில்லை.

“ஏட்டி, உனக்கு மேடை ஒரு கேடா? அந்தப் பயலக் கட்டிக்கிட்டு ஊருக்குள்ள காலெடுத்து வச்சுப் பாரு. ரெண்டு பேரும் உசிரோட திரும்ப மாட்டீய” என்றார்.

நான் பாய்ந்து எழுந்தேன். அவரைச் சட்டையைப் பிடித்து இறக்கத்தான் எழுந்தேன். அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பைய, அண்ணாச்சி. அவிய பேசி முடிக்கட்டும்.”

பிறகு மைக்கைக் கையில் எடுத்தார். “நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்லுதேன். சரியான்னு நீங்கதான் சொல்லணும். உங்க மருமவ தனக்குப் பிடிச்சவரக் கட்டிக்கிட்டு ஊருக்குள்ள வந்தா, ரெண்டு பேரையும் கொன்னுபோடுவேங்கிய. இதத்தான சொன்னிய?”

அந்த மனிதர் பின்வரிசையில் இருந்த தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமான்னு சொல்லுங்க. நான் தப்பாப் புரிஞ்சிருந்தா திருத்துங்க.”

மண்டபம் நிறைய ஜனம். எல்லோர் கண்ணும் அவர் மேல். “நான் ஏதோ கோவத்துல…” என்று இழுத்தார். எழுந்தார், இறங்கிப் போய்விட்டார். கூட வந்தவர்கள் பின்வரிசையில் கூச்சல் போட்டார்கள், ஒயரைப் பிடுங்கினார்கள், மைக் செத்தது, கூட்டம் கலைந்தது. இசக்கியம்மாவின் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது.

நண்பர்களே, இதுவரை புகழ்ந்தேன். இப்போது அம்மையாரை மறுக்கப் போகிறேன். மறுக்காமல் இறங்கினால் இது நம் மன்றக் கூட்டம் ஆகுமா? மறுப்பு வேறு, மிரட்டல் வேறு. உயிரை எடுப்பேன் என்பவனுக்கு எதற்கு நாற்காலி? ஒரு பெண் நடுநடுங்கி நிற்கும்போது நமக்கு எதற்கு வழக்கமும் வரைமுறையும்? மறுநாள் கடைக்கு வந்த அம்மையாரிடமே இதைக் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன்.

அவர் சொன்னார்: “இருட்டுல செய்ய நினைச்சத அவரு வெளிச்சத்துல சொல்லிட்டாரு அண்ணாச்சி. இனி அந்தப் பிள்ளைக்கு இத்தன பேரு சாட்சி. திருப்பிச் சொன்னா ஆமான்னு ஒத்துக்கிட முடியாத ஒண்ணு எப்படி நியாயமாவும்?”

அதே கையோடு காவல் நிலையத்துக்குப் போனார். சாட்சி சொல்ல நம்மில் எத்தனை பேர் அவர் பின்னால் நின்றோம்! கீழே ஜீப்பில் இருக்கும் நண்பர்களுக்கே அது தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அம்மையார் சொன்னதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குச் சண்டை போட இனி அவர் இல்லையே! அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றைய கூட்டத்தில் நடந்த ரகளைதான் அம்மையாரைக் கொன்றது என்று ஊருக்குள் பேசுகிறார்கள். பொய்! அவருக்கு இதயக் கோளாறு பல வருடமாக உண்டு. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அவர் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக் குறைக்கவே இல்லை. மெர்வின் சிரிக்கிறார், பாருங்கள். வாயைத் திறந்தால் சாவு என்று நம்மைப் பயமுறுத்த ஒரு நல்ல மனுஷியின் மரணத்தை யாரும் கடன் வாங்க வேண்டாம்.

மாடியைப் பூட்டுவார்களா? பூட்டட்டும். அடுத்த ஞாயிறு என் கடையில் துணிக்கட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஜமக்காளம் விரிக்கிறேன். கண்ணாடியை உடைப்பார்களா? கண்ணாடி இல்லாமலும் வியாபாரம் நடக்கும். அந்தத் தாய்மாமனும் வரட்டும். அவருக்கும் டீ உண்டு. ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல்வோம். ஆமாவா இல்லையா என்று கேட்போம். அவரிடமும் கேட்போம், என்னிடமும் கேட்போம், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேட்போம். ரீபா அம்மையார் விட்டுப்போன வேலை இதுதான். இதை நாம் விடமாட்டோம்!

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஆனால் மௌனம் வேண்டாம். வாயை மூடு என்றுதானே நம்மை மிரட்டுகிறார்கள்? அம்மையாரின் படத்துக்கு முன்னால் நின்று அதையா நாம் செய்வது?

இசக்கியம்மா, மேலே வாம்மா. மைக் வேலை செய்கிறது. அன்றைக்கு எந்த இடத்தில் நிறுத்தினாயோ, அங்கிருந்து பேசு. நீ முடிக்கும்வரை நாங்கள் நின்றுகொண்டே கேட்கிறோம்.