சனிக்கிழமைப் பேய்

அரிகிருஷ்ணன்: ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போனவன், ரெண்டே மாசத்துல தாம்பரத்துல வந்து நிக்கிறியே தட்சிணா... இன்னாடா, வெள்ளக்காரன் வெரட்டி வுட்டானா?

தட்சிணாமூர்த்தி: வெள்ளக்காரன் இன்னாத்துக்கு வெரட்டறான்? குளிரு ஒத்துக்கல.

கிளியம்மாள்: நேத்து இதே பெஞ்சுல ஒக்காந்துகினு, புள்ள வூட்ல பேயின்னு சொன்ன. இன்னிக்கு குளிரா? டீக்கடைக்காரி மறந்துடுவான்னு நெனச்சியாண்ணா?

அரிகிருஷ்ணன்: பேயா! அடப்பாவி, ஒண்ணா ஏர் ஓட்டின கூட்டாளி நான், என்னாண்ட சொல்லவே இல்லியே. கிளியம்மா, இவனுக்கு டீயை ஸ்ட்ராங்கா போடு. லண்டன் பேயி அடிச்ச ஆளு.

தட்சிணாமூர்த்தி: லண்டன் இல்லடா. லீட்ஸு. லண்டன்லேர்ந்து ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல.

அரிகிருஷ்ணன்: அந்தப் பக்கத்துக்கு எல்லாம் லண்டன்தான். தொண்ணூத்தி மூணு பொறந்தாச்சு, இன்னும் பேயின்றான் பாரு. சரி சொல்லு, பேயி கவுன் போட்டுகினு இருந்துதா?

தட்சிணாமூர்த்தி: இருடா... நான் போனப்ப கேசவன் ஃபிளாட்லதான் இருந்தான். தீப்பெட்டி மாதிரி வூடு. மூணாவது வாரம் பழைய பங்களா ஒண்ணுக்குக் குடி போனோம். நூத்திமுப்பது வருஷத்து வூடு. கம்பளி மில்லு வெச்சிருந்த ஒருத்தன் கட்டினதாம்.

கிளியம்மாள்: பால் காச்சினீங்களா?

தட்சிணாமூர்த்தி: காச்சினா மருமவ சரளா. கரண்டு அடுப்புல. பொங்கி வழிஞ்சு பொகை வந்துச்சு பாரு, கூரையில ஒரு மிஷினு கீ...னு கத்துது. நெருப்புப் புடிச்சிகிச்சுன்னு பேத்தியத் தூக்கிகினு எல்லாரும் ரோட்டுக்கு ஓடினோம்.

அரிகிருஷ்ணன்: அதான் பேயா?

தட்சிணாமூர்த்தி: நாங்க ரோட்ல நிக்கறதப் பாத்து, எதுத்த வூட்டு அம்மா கேக் ஒண்ணு எடுத்துகினு வந்தா. 'மாடியில மில்லுக்காரன் நடப்பான், பயப்படாதீங்க'ன்னுட்டுப் போனா. கேசவன் சிரிச்சான். சரளாவுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

அரிகிருஷ்ணன்: உனக்கு?

தட்சிணாமூர்த்தி: எனக்கு இங்கிலீசு எங்கடா புரிஞ்சுது? கேக்கு நல்லா இருந்துச்சேன்னு இன்னொரு துண்டு கேட்டேன்.

கிளியம்மாள்: நடந்துதாண்ணா, அது?

தட்சிணாமூர்த்தி: நடந்துது. சனிக்கிழமை சாயங்காலம். கேசவன் ஆபீஸ்காரங்க பத்து பேர் சாப்பிட வந்துகிறாங்க. கீழ ஹால்ல கிளாஸும் கையுமா நின்னு பேசிகினு கீறாங்க. திடீர்னு மாடியில... தொம்... தொம்... தொம்...

அரிகிருஷ்ணன்: ஐயையோ.

தட்சிணாமூர்த்தி: பலகைத் தரைடா. மேல ஒரு அடி வெச்சா கீழ நாலு அடியாக் கேக்கும். எல்லாம் கப்சிப். மேனேஜர் பொண்டாட்டிதான் கேட்டா, 'மேல யாரு?'ன்னு.

அரிகிருஷ்ணன்: கேசவன் இன்னா சொன்னான்?

தட்சிணாமூர்த்தி: 'அதுவா... எங்க வூட்டுப் பேயி'ன்னான்.

கிளியம்மாள்: நெஞ்சழுத்தக்காரன்தான்.

தட்சிணாமூர்த்தி: அவங்களுக்கு ஒரே குஷி. பேயின்னா அங்க அவ்ளோ கிராக்கி. அந்தம்மா இன்னொரு வாட்டி கேக்கணும்னு ஒரே அடம்.

அரிகிருஷ்ணன்: பேயி இன்னா ரேடியோவா, நேயர் விருப்பம் போட?

தட்சிணாமூர்த்தி: போட்டுதே. அஞ்சே நிமிசத்துல திருப்பி நடந்துது. இந்த வாட்டி இருமல் வேற.

கிளியம்மாள்: பேய்க்கு இருமலா?

தட்சிணாமூர்த்தி: குளிர் ஊராச்சே...

அரிகிருஷ்ணன்: ஹஹ்ஹா! கேட்டியா கிளியம்மா? பேய்க்கு சளி புடிச்சிகிச்சாம்! ஏன்டா, கொஞ்சம் சுக்குக் கஷாயம் வெச்சுக் குடுக்கறது...

தட்சிணாமூர்த்தி: சிரி. நல்லா சிரி.

அரிகிருஷ்ணன்: சரி சரி, கோச்சுக்காத. அப்பால?

தட்சிணாமூர்த்தி: அடுத்த சனிக்கிழமை வேற ஆளுங்க வந்தாங்க. நடந்துது. அதுக்கடுத்த வாரமும் நடந்துது. கேசவன் வூட்டுப் பேயின்னு ஆபீஸ் பூரா பேர் பரவிப் போச்சு. நாங்களும் வரோம், நாங்களும் வரோம்னு...

கிளியம்மாள்: அண்ணா, ஒரு சந்தேகம். சனிக்கிழமைன்னா மட்டும் நடக்குதே... செவ்வா, பொதன்ல அது இன்னா பண்ணும்?

தட்சிணாமூர்த்தி: அப்ப கீழதான் இருக்கும்.

கிளியம்மாள்: கீழ?

தட்சிணாமூர்த்தி: பாத்திரம் கழுவும். பாப்பாவ ஸ்கூல்ல வுட்டுட்டு வரும். சட்னிக்குத் தேங்கா துருவும்.

அரிகிருஷ்ணன்: தேங்கா துருவற பேயா! எனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லுடா, எங்க வூட்ல கிரைண்டர் ரிப்பேரு...

கிளியம்மாள்: நீ கொஞ்சம் கம்முனு இருண்ணா. மூர்த்தி அண்ணா... டீ ஆறுது. குடி.

தட்சிணாமூர்த்தி: ம்.

அரிகிருஷ்ணன்: இன்னாம்மா, மூஞ்சி மாறிப் போச்சு? ... டேய் தட்சிணா. அந்த ஆளுங்க வந்தப்ப நீ எங்க இருந்த?

தட்சிணாமூர்த்தி: மாடியில.

அரிகிருஷ்ணன்: மாடியில யார் கூட?

தட்சிணாமூர்த்தி: யாரும் இல்ல. நான்தான்.

அரிகிருஷ்ணன்: அப்ப பேயி நீயாடா!

தட்சிணாமூர்த்தி: கேசவன் தன்மையாத்தான்டா சொன்னான். 'அப்பா, பெரிய ஆளுங்க வராங்க. உங்களுக்கு இங்கிலீசு வராது, வேட்டியோட நின்னா உங்களுக்கே பேஜாரா இருக்கும். மேலயே சாப்புட்டுக்கங்க'ன்னு. சரின்னு போனேன். ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்துப் போச்சு. நாலு அடி நடந்தேன், அவ்ளோதான். கீழ பேசினதெல்லாம் அப்பால சரளா சொல்லித்தான் தெரியும்.

அரிகிருஷ்ணன்: அப்ப ரெண்டாவது வாட்டி?

தட்சிணாமூர்த்தி: மூச்சு வாங்க மாடிக்கு ஓடியாந்தான். திட்டப் போறான்னு பாத்தா, 'அப்பா, இன்னொரு வாட்டி நடங்க'ன்றான்.

கிளியம்மாள்: நீயும் நடந்தியா!

தட்சிணாமூர்த்தி: உங்க அண்ணி போனதுலேர்ந்து யாரும் என்னை ஒண்ணு கேட்டதில்ல கிளியம்மா. புள்ள கேக்கறானேன்னு... நடந்தேன். அப்பால நேரம் குறிச்சுக் குடுத்தான். எட்டு மணிக்கு ஒண்ணு, ஐஸ்கிரீம் வெக்கறப்ப ஒண்ணு.

அரிகிருஷ்ணன்: த்தூ! பெத்த அப்பன வெச்சு நாடகக் கம்பெனி நடத்தறான்.

தட்சிணாமூர்த்தி: நாலாவது சனிக்கிழமை நான் நடக்கல. எறங்கிட்டேன்.

அரிகிருஷ்ணன்: எறங்கிட்டியா?

தட்சிணாமூர்த்தி: வெள்ள வேட்டி, வெள்ள சட்டை, நெத்தி நெறைய விபூதி. பாதிப் படியில நின்னேன். ஒருத்தி வீல்னு கத்தினா. ஒருத்தன் கையிலேர்ந்து கிளாஸு வுழுந்து ஒடைஞ்சுது. பேத்தியாண்ட கேட்டு ரெண்டே வார்த்தை கத்து வெச்சிருந்தேன். 'கேசவன் ஃபாதர்'னேன்.

கிளியம்மாள்: ஐயோ அண்ணா...

அரிகிருஷ்ணன்: கேசவன் இன்னா பண்ணான்?

தட்சிணாமூர்த்தி: ஐஸ் எடுக்கறேன்னு சமையல்கட்டுக்குள்ள பூந்துகினான். வெளிய வரவே இல்ல. சரளாதான் அழுதா. அன்னிக்குத் திருப்பி வந்திருந்த அந்த மேனேஜர் எழுந்து தன் நாற்காலிய எனக்கு இஸ்துப் போட்டான்டா. அவன் பொண்டாட்டி என் கையப் புடிச்சுகினு என்னென்னமோ கேட்டா. ஒண்ணும் புரியல, தலைய ஆட்டிகினே இருந்தேன். அவங்க கூடவே ஒக்காந்து சாப்புட்டேன். கையால.

அரிகிருஷ்ணன்: சபாஷ்டா!

தட்சிணாமூர்த்தி: திங்கக்கெழமை டிக்கெட் வந்துச்சு. ஏர்போர்ட்ல சொல்றான், 'ஊர்ல கேட்டா குளிரு ஒத்துக்கலன்னு சொல்லிடுங்கப்பா'. பேயின்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க, குளிருன்னு சொன்னா எனக்கே சிரிப்பு வருது. இன்னாத்த சொல்றது?

அரிகிருஷ்ணன்: வரட்டும் அவன் தாம்பரத்துக்கு! நடு ரோட்ல நிக்க வெச்சுக் கேக்கறேன். அப்பனக் காட்ட வெக்கப்படறவனுக்கு பங்களா ஒரு கேடா? நானா இருந்தா மொத நாளே நாலு அறை வுட்டிருப்பேன்.

கிளியம்மாள்: வுடுண்ணா, கத்தாத. ரோட்ல போறவங்க பாக்கறாங்க.

தட்சிணாமூர்த்தி: அவன் கத்துவான்மா, குடுத்து வெச்சவன். புள்ள சேலையூர்ல மாடி வூடு கட்டி, கூடவே வெச்சுகினு கீறான். எழுந்திருடா, உன் வூட்டுக்குப் போலாம். உன் மருமவ கையால ஒரு காபி குடிச்சு எவ்ளோ நாளாச்சு.

அரிகிருஷ்ணன்: இன்னிக்கு வேணாம்டா.

தட்சிணாமூர்த்தி: ஏன்?

அரிகிருஷ்ணன்: பையனோட கம்பெனி ஆளுங்க வந்துகிறாங்க. மறைமலை நகர்லேர்ந்து.

தட்சிணாமூர்த்தி: வந்தா இன்னா? நீ வூட்டுப் பெரியவன். நடுக்கூடத்துல ஒக்காந்துகினு பேச வேண்டியதுதானே. காலைலேர்ந்து டீக்கடையில இன்னா பண்ற?

கிளியம்மாள்: அண்ணா?

அரிகிருஷ்ணன்: நீயாவது பேயிடா. உன் சத்தத்துக்கு நாலு பேரு பயந்தாங்க. போன மாசம் அந்த ஆளுங்க கார்ல வந்து எறங்கினாங்க. வாசல் கேட்டாண்ட ஒக்காந்துகினு இருந்த என்னைக் காட்டி, யாருன்னு கேட்டான் ஒருத்தன். 'வாட்ச்மேன் சார்'னான் என் புள்ள. நான் எழுந்து சலாம் வெச்சு, கேட்டத் தொறந்து வுட்டேன்டா.