கிடாவுக்கு இஷ்டமில்லை

"வூட்டுக்கு வர கெடாவுக்கு இஷ்டமான்னு கேக்கறாங்க அண்ணி."

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஜன்னலோரமாக இருந்த பெண் இப்படிச் சொன்னாள். தூங்குவதுபோல நடித்துக்கொண்டிருந்த நான் நிஜமாகவே விழித்துக்கொண்டேன்.

"யாரு கேட்டது?" என்றாள் பக்கத்திலிருந்த அண்ணி.

"காட்டோரமா புதுசா ஊரு கட்டறாங்களே, கறி மட்டுமில்ல பாலு கூட தொடமாட்டோம், குப்பையே போடமாட்டோம்னு. அவங்கதான். கெடா வேலி தாண்டி உள்ள போய்டுச்சி. காய்த்தோலு, கீரத்தண்டு எல்லாத்தையும் அது துன்னுடுது. குப்பையே இல்லன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."

காலடியில் இருந்த மட்டன் பிரியாணிப் பொட்டலத்தைச் செருப்பால் பின்னுக்குத் தள்ளினேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லைதான்.

"கூப்ட்டியா?"

"கூப்ட்டேன். வர்ல. அதுக்கு இஷ்டமில்ல, கட்டி இழுக்கக்கூடாதுன்னுது அங்க இருக்கற பொண்ணு."

"உன் வூட்டுக்காரருக்கு ஒடம்பு தேறணும்னு அம்மனுக்கு நேந்துக்கின கெடாடி அது. ஆடியில வெட்டணும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் போனேன். பக்கத்துலயே நின்னு கெடா என் மூஞ்சியப் பாத்துச்சி. நல்லா பாத்துக்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அண்ணி யோசித்தாள். "அதுவும் சரிதான். ஆடிக்குள்ள இன்னும் சத போடும்."

"பேரு வேற வெச்சிட்டாங்க அண்ணி. கூப்ட்டா திரும்பிப் பாக்குது."