இருபது வெள்ளைப் பக்கங்கள்

பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது, சார். ராபர்ட்சன்பேட்டையில் என் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களுக்குக்கூட இது தெரியும்.

உங்கள் ஸ்டேஷனில் என் மேல் புகார் கொடுத்த நளினி மேடம் நல்லவர். இங்கே தங்கச் சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்த இருபது பெண்களிடம் கதை கேட்டு எழுதிக் கொண்டுவந்தார். இறந்தவர்களுக்கு நந்திதுர்க் சுரங்க வாசலில் ஒரு நினைவுக்கல் வைக்க இடம் கேட்கிறார்கள். மனுவோடு இந்தப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டும் என்றார்.

நான் வெப்சைட் செய்வதுபோல்தான் புத்தகம் செய்வேன். எழுத்தெல்லாம் ஒரு ஃபைலில். அது தாளில் எப்படித் தெரியவேண்டும் என்ற விதிகள் இன்னொன்றில். அங்கே ஒரு வரி மாற்றினால் புத்தகமே மாறிவிடும்.

ஒவ்வொரு கதையும் நான்கு பக்கத்தில் அழகாக அடங்கியது. கடைசிப் பத்தி மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்து, கீழே வெள்ளையாக நின்றது. எழுத்தைச் சிறிதாக்கினேன், வயதானவர்கள் படிக்க முடியாது. ஓரத்தைக் குறைத்தேன், அசிங்கமாக இருந்தது. அதனால், கதைகளின் கடைசிப் பத்தியைக் காட்டாதே என்று ஒரு விதி எழுதினேன். எதையும் அழிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நளினி மேடம் பிழை பார்த்த ஃபைலில் எல்லாம் அப்படியே இருந்தது.

அந்தப் பெண்கள் அத்தனை பேரும் சாவைக் கடைசியில் சொல்லியிருந்தால், அதற்கு நான் என்ன செய்ய?

வெளியீட்டு விழாவில் ரத்தினம்மா தன் கதையை வாசித்தார். பக்கத்தைப் புரட்டினார். வேறொருத்தி கதை வந்தது. மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா தம்பி, எங்க ஊட்டுக்காரரு கேஜ்ல ஏறி ஷாஃப்ட் வழியா பூமிக்குள்ள எறங்குறாரு. அப்பறம் ஆளயே காணோமே?”

“பக்கம் முடிஞ்சிடுச்சிம்மா. பாருங்க, எவ்ளோ நீட்டா கீது.”

அதற்குள் மனு போய்விட்டது. அதிகாரி புத்தகத்தை வரி விடாமல் படித்திருக்கிறார். “எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர்கூடச் சாகவில்லையே, கல் யாருக்கு?” என்று நளினி மேடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல நிர்வாகம் நடந்த சுரங்கம் என்று பாராட்டவும் செய்தாராம்.

மறுபதிப்பு போட்டுத் தரச் சொன்னார்கள். ரத்தினம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த விதியை எடுத்தேன். அவர் வீட்டுக்காரர் வரதன் மேல் பாறை சரிந்த பத்தி திரையில் வந்தது. அந்த அம்மா விரலால் அதைத் தொட்டுத் தொட்டு, “இதான் தம்பி, இதான்” என்று அழுதார். நானும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வரி. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. இப்படி இருபது பக்கம்.

அவரை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, விதியைத் திரும்பச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள் சார், இருபது பேரையும் சாகவிடாமல் வைத்திருப்பது நான் ஒருவன்தானே?