நேராகத் தெரிந்த ஆள்

ஒரு மலையைப் பேனா முனையால் நாற்பதடி உயர்த்தியவன் நான். மறுநாள் போய்ப் பார்த்தால், மலையும் மரியாதையாக வளர்ந்து நின்றது. நில அளவைத் துறையில் என்னை விட்டால்...

"நீங்க ரிட்டயர் ஆனப்புறமும் அது வளருதாமே?" என்றார் வக்கீல். கரண்ட் போன மொட்டைமாடியில் ஒரே சிரிப்பு.

சிரியுங்கள், சிரியுங்கள். இது வக்கீலுடைய தாத்தாவுக்கே நடந்தது.

சாயங்காலம் ஐந்தரை. ஆளரவமற்ற மலையடிப் பாதை. அந்தப் பள்ளத்தாக்குக்கு அதுவரை வரைபடமே கிடையாது. முதலில் அளக்கப் போனவர் தாத்தாதான். எதிர் முகட்டில் கொடிக்கம்பும் கயிறுமாக ஓர் ஆளை ஏற்றிவிட்டு, கீழே முக்காலியில் தொலைநோக்கியைப் பூட்டிக் கோணம் எடுப்பார். அந்தக் காலத்துத் தொலைநோக்கிக் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். மரம், மாடு, மனிதன்... எல்லாம்.

அன்று கொடி தலைகீழாகத் தெரிந்தது. பக்கத்தில் கொடிக்காரன் மட்டும்... நேராக.

உதவியாள் எட்டிப் பார்த்து அலறினான். "ஐயா! பாறையில கால் மாட்டித் தலைகீழாத் தொங்குறான்யா!"

தாத்தா திருகாணியைத் திருப்பினார். கிறீச்...

"கம்பு அசையலல்ல? அது போதும். மேகம் மூடறதுக்குள்ள கோணத்தை எடுத்துக்கறேன். நீ ஏறிப்போய்க் கம்பைத் தட்டிவிட்டா, மறுபடி எவன்டா நடுறது?"

எடுத்தார். ஆள் ஏறிப் போவதற்குள் கொடிக்காரன் உயிர் போய்விட்டது.

விஷயமே இனிமேல்தான். அடுத்த மலை, புதுக் கொடிக்காரன். வெறுங்கண்ணுக்கு ஒருவன். கண்ணாடியில் இருவர்... ஒருவன் தலைகீழாக, ஒருவன் நேராக. அதற்கடுத்த மலையில், நேரானவன் பாதிச் சரிவு இறங்கியிருந்தான். அப்புறம்... அடிவாரத்தில். கடைசி நாள் கண்ணாடியில் மலையே இல்லை. ஒரு கண் மட்டும். கூடவே ஈரக் கயிற்று நாற்றம். கண்ணாடிக்கு ஏது நாற்றம் என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அடித்தது!

அதன்பிறகு தாத்தா தன் வலது கண்ணைத் திறக்கவே இல்லை.

மாடியில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். எனக்கோ பரம சந்தோஷம். வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"என்ன வக்கீலே, ஆட்சேபணையா?"

"இல்ல... நடந்ததுதான். சாகறவரைக்கும் அந்தக் கண்ணை மூடித்தான் வச்சிருந்தாரு. ஆனா ஒண்ணு உங்களுக்குத் தெரியாது. ஆள் ஏறினது மறுநாள் சாயங்காலம். காலையிலகூட அந்தக் கொடிக்காரன் கையை ஆட்டினான். தாத்தா கண்ணாடியில பார்த்தாரு... பார்த்துட்டு, பக்கத்து முகட்டுக்குப் போய், அங்கேருந்து இன்னொரு கோணமும் எடுத்துட்டுத்தான் ஆள் அனுப்பினாரு."