நாற்பது விநாடித் தாமதம்

கேபிள் இழுப்பவனுக்கு முதலில் போவது முழங்கால்தான், ஐயா. மேஜைகளுக்கடியில் தவழ்ந்தே பதினோரு வருடம் ஓடிவிட்டது. காலைக் கொஞ்சம் நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன்; மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

எங்கள் அலுவலகம் ஆம்புலன்ஸ் அனுப்பும் கட்டுப்பாட்டு அறை. பதினெட்டு மேஜைகள். அழைப்பவரின் விலாசத்தைத் தட்டினால், எந்த வண்டி அருகில் இருக்கிறது என்று சர்வர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும். அந்தச் சர்வருக்குப் போகும் கம்பிகள் நான் வேலையில் சேர்ந்தபோதே பழசு. கண்ணாடி இழைக் கேபிள் போட்டால் வேகம் பத்து மடங்காகும் என்று நான்கு முறை கோப்பு அனுப்பினேன். நான்கு முறையும் மேலாளர் திருப்பி அனுப்பினார்.

“ஓடிக்கிட்டுதானேப்பா இருக்கு?” என்பார். “ஓடுற வண்டிய நிறுத்திச் சக்கரம் மாத்தச் சொல்றியே.”

ஒன்பதாம் மேஜை அக்காவுக்குத்தான் என் கஷ்டம் புரியும். “தம்பி, உன் சர்வரும் எங்க வீட்டுக்காரரும் ஒரே ரகம். கேள்வி இன்னைக்கு, பதில் நாளைக்கு” என்பார்.

உள்ளதைச் சொல்லி எடுபடவில்லை. தாமதத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்று தோன்றியது. சர்வர் தரும் ஒவ்வொரு பதிலையும் நான்கு விநாடி பிடித்துவைத்து அனுப்பும்படி செய்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். பன்னிரண்டாக்கினேன். புகார் எழுதினார்கள், மேலாளர் அதைப் படிக்காமலே பழைய காகிதக் கட்டோடு சேர்த்தார். நாற்பதாக்கினேன். ஓர் அழைப்புக்குச் சர்வரை ஆறு முறை கேட்க வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். அழைப்புகள் குறைவாக வரும் செவ்வாய்க்கிழமை முற்பகலாகப் பார்த்துத்தான் செய்தேன். அந்த அளவு யோசனை எனக்கு உண்டு.

பத்தே முக்காலுக்கு ஒரு தகப்பன் அழைத்தான். குழந்தையின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதாம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

“வண்டி வந்துடுங்க, லைன்லயே இருங்க” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஏதாவது பண்ணுப்பா.”

ஒரு விசையைத் தட்டினால் போதும். தட்டவில்லை. பாதியில் எடுத்தால், கோப்பில் காட்ட வேண்டிய அன்றைய தாமதச் சராசரி கெட்டுவிடும். ஐந்தாம் கோப்பும் திரும்பி வரும். நான்கு நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகும் அக்கா தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. வண்டி போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவை ஐந்தாம் கோப்போடு இணைத்தேன். இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. வண்டியைத் தாமதமாக அனுப்பியதாகச் சொல்லி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் இப்போது போய்ப் பாருங்கள், விரலை எடுப்பதற்குள் பதில் வருகிறது. அதனால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

மேலாளருக்கு மட்டும் ஏன் தாமதம் தெரியவில்லை என்று கேட்டீர்கள். அவர் கணினிக்குத் தனி வழி விட்டிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பெரியவரின் திரை பறந்தால் நம்மை நிம்மதியாக விடுவார். அந்த வழியை அடைத்து அவருடையதை மட்டும் மெதுவாக்கியிருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பாரே என்கிறீர்கள்.

போட்டிருப்பார். எனக்கும் அது தெரியும், ஐயா. ஆனால் அவர் கத்துவார். யாராவது சத்தம் போட்டால் எனக்குத் தாங்காது.