தடியைப் போடு

வலையில் கட்டுகிற தக்கை வேறு, ஒயின் சீசாவை அடைக்கிற தக்கை வேறு, பெரியதனக்காரரே. நம்முடையது மிதந்தால் போதும். சீசாத் தக்கை இருபது வருஷம் இருட்டில் கிடந்துவிட்டு, பொடியாகாமல் முழுசாக வெளியே வரவேண்டும். நம் தோணிரேவு ஊரில் இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது? கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லாந்துத் துரை வீட்டில் பதினோரு வருஷம் சீசா திறந்தவன் இந்தச் செங்கல்வராயன், அதனால் சொல்கிறேன்.

இன்றைக்கு ஊர் கூடியிருப்பது என் தங்கை வேலம்மாவின் தாலிக்காக. அவள் புருஷன் தருமலிங்கம் கப்பலில் போய் ஐந்து வருஷமாகிறது, அறுப்பதா வைப்பதா என்று கேட்கிறீர்கள். துரைக்குக் கோபம் வந்தது, அனுப்பிவிட்டார் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பொய்யில்லை. கொஞ்சம் குறைத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

துரையிடம் தக்கை இழுக்கிற திருகுகள் இரண்டு இருந்தன. இரும்புச் சுருள், மேலே மரப்பிடி. ஒன்று ஒல்லி, ஒன்று தடி. புதுத் தக்கைக்குத் தடி நல்லது, கவ்விக்கொண்டு ஒரே இழுப்பில் வந்துவிடும். பழைய தக்கையில் தடியைப் போட்டால், உளுத்த கட்டையில் ஆணி அடித்த மாதிரி பிளந்து கொட்டும். அதற்கு ஒல்லிதான். மெதுவாக ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தப்பாகத் திறந்து முதுகில் வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

தருமனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். புயலில் அவன் படகு போயிற்று, தங்கை வீட்டில் அடுப்பெரியவில்லை, கூட்டிக்கொண்டு போனேன். இரண்டே மாதத்தில் துரை எதற்கெடுத்தாலும் "தர்மா, தர்மா" என்று அவனையே கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இல்லையென்று சொல்ல நான் என்ன சாமியாரா?

அந்த மாசியில் ஒரு கப்பல் கப்பித்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பாஷை எனக்குப் பாதி தெரியும். அதில் "திரெக்கர்" என்றால் இழுப்பது, இழுக்கிறவன். சீசா திறக்கிறதால் எங்கள் இரண்டு பேரையும் துரை விருந்தாளிகளிடம் அப்படித்தான் சொல்வார். அன்றைக்குக் கப்பித்தானிடம் சொன்னார்: "என்னிடம் இரண்டு திரெக்கர் இருக்கிறது. நன்றாக இழுப்பது எனக்கு, மற்றது உன் கப்பலுக்கு." எங்களை 'அது' என்று பேசுவது அவர்களுக்கு வழக்கம்தான்.

கப்பலில் அடிமையாக ஆளேற்றிக்கொண்டு போவதை நாம் பார்க்காததா? போனவர்களில் எவனாவது திரும்பி வந்தானா? எங்களில் ஒருத்தன் போகப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தருமனுக்கு அந்தப் பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது. வா, ஓடிவிடலாம் என்று சொல்லியிருக்கலாம், தோணி கிடக்கும் ஏரிக்கரை கூப்பிடு தூரம்தான். சொல்லவில்லை.

துரை ஒரு பழைய சீசாவைக் கொண்டுவரச் சொன்னார். செத்துப்போன அவர் பெண்சாதி கல்யாணத்தின்போது கொண்டுவந்ததில் அதுதான் கடைசி. அதைத் தருமனிடம் கொடுத்தார். அவன் அதுவரை திறந்ததெல்லாம் புதுச் சீசா. என் பக்கம் சாய்ந்தான்.

"தக்கை கெழடா கீது மச்சான். இன்னா போடட்டும்?"

"தடியைப் போடு" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டான். தக்கை உதிர்ந்தது. பதறிப்போய் அழுத்தினான். சீசாவின் கழுத்து உடைந்து, ஒயின் மேஜையெல்லாம் ஓடியது.

துரை தருமன் கையிலிருந்த தடித் திருகைப் பிடுங்கிக் கப்பித்தான் முன்னால் போட்டார். "இந்தத் திரெக்கர் உனக்கு" என்றார். கப்பித்தான் சிரித்துக்கொண்டே அதைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் திரெக்கர் என்று பேசியது இரும்புத் திருகைப் பற்றி. ஆளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவே இல்லை.

அதற்குப் பிறகுதான் துரை உடைந்த சீசாவைப் பார்த்தார். பெண்சாதியின் கடைசிச் சீசா. முகம் சிவந்துவிட்டது. "இவனையும் கொண்டுபோ" என்றார்.

கப்பித்தானின் ஆட்கள் இரண்டு பேர் வந்து தருமனைப் பிடித்தார்கள். அவன் என்னைக் கை காட்டினான். "மச்சான், நீ சொல்லித்தானே போட்டேன்? துரையாண்ட ஒரு வார்த்தை சொல்லேன் மச்சான்." அரைகுறைத் தமிழ் தெரிந்த துரை என் பக்கம் திரும்பி, "நீயா சொன்னாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றிருந்தால் எனக்குப் பத்து அடி விழுந்திருக்கும். அடி எனக்குப் புதிதில்லை.

"இல்லை" என்றேன். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். யார் காலிலாவது குத்திவிடுமே என்று ஒரு சில்லுகூட விடாமல் பொறுக்கினேன். நிமிர்ந்தபோது அவனைக் கொண்டுபோயிருந்தார்கள்.

"நீயாண்ணா?" என்று கேட்கிறாய் வேலம்மா. நான்தான். தெரிந்துதான் சொன்னேன், தெரிந்துதான் இல்லையென்றேன். ஆனால் இந்த ஐந்து வருஷமும் உன் வீட்டில் உலை கொதித்தது யார் போட்ட அரிசியில் என்பதையும் நீ சொல்ல வேண்டும். நன்றி என்று ஒன்று இருக்கிறதில்லையா?

பெரியதனக்காரரே, தாலியை அறுக்கச் சொல்லாதீர்கள். தருமன் நல்ல கைக்காரன், எந்தத் துரையும் அவனைச் சாகவிட மாட்டான். இங்கேயே இருந்திருந்தால் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? எனக்குக் கீழே ஒரு வேலை. தங்கை புருஷனாயிற்றே என்று, அவனுக்கு நல்ல இடமாகத்தான் பார்த்து அனுப்பியிருக்கிறேன்.